பெயரும் பதிவும்: இடம்பெயர்ந்தோரைத் தேடிய வரலாற்றில் சயாம் மரண ரயில் தொழிலாளர்

முன்னுரை

போரும் இயற்கைப் பேரிடரும் மக்களை வாழிடத்திலிருந்து பெயர்த்தெறியும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. எத்தனை பேர் பெயர்ந்தனர்? அவர்கள் யாவர்? இப்போது எங்குள்ளனர்? முதல் வினா அரசுக்கும் நிவாரண அமைப்புகளுக்கும் உரியது. ஏனைய இரண்டும் குடும்பத்திற்கு உரியவை. உள்நாட்டு இடப்பெயர்வைக் கண்காணிக்கும் ஜெனீவா மையம், 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் ஏறத்தாழ 8 கோடியே 34 லட்சம் பேர் தத்தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்த நிலையில் வாழ்ந்ததாகக் கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மோதலாலும் வன்முறையாலும் பெயர்ந்தோர். ஒரு கோடிக்குச் சற்றுக் குறைவானோர் பேரிடரால் பெயர்ந்தோர். இத்தகைய கணக்கு முதல் வினாவிற்கு விடை தருகிறது. காணாமற்போன தந்தையைத் தேடும் மகளுக்கு அது விடையாகாது.

இடம்பெயர்ந்த ஒருவரைக் கண்டறிவது தேடுவோரின் முயற்சியை மட்டும் பொறுத்ததன்று. அவர் பெயர்வதற்கு முன்போ பெயரும்போதோ யாரேனும் எழுதிவைத்த பதிவை அது பெரிதும் சார்ந்துள்ளது. அப்பதிவு யாருக்காக, எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதே பிற்காலத்தில் கண்டறியப்படுவோர் யார், மறைந்தே போவோர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. இக்கருத்தை, நம் நாட்டுத் தமிழர் வரலாற்றோடு நேரடித் தொடர்புடைய சயாம்–பர்மா ரயில் பாதையைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

தேடல் பணியின் தோற்றம்

போரில் பிரிந்தோரைத் தேடும் பணி நிறுவன வடிவம் பெற்றது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது, அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஒரு செயலகத்தை நிறுவியது. காயமுற்றோர், கைதிகள் ஆகியோரின் பெயர்ப் பட்டியல்களை இருதரப்பிலிருந்தும் பெற்றுக் குடும்பங்களுக்குத் தெரிவிப்பது அதன் பணியாயிற்று.

இப்பணி பேருருவம் கொண்டது முதல் உலகப் போரின்போதாகும். 1914 ஆகஸ்டில் ஜெனீவாவில் அனைத்துலகப் போர்க்கைதிகள் செயலகம் தொடங்கப்பட்டது. ராத் அருங்காட்சியகக் கட்டடத்தில் இயங்கிய அச்செயலகத்தில் போர்க்காலம் முழுவதும் ஏறத்தாழ 3,000 பேர் பணியாற்றினர். அவர்களுள் பெரும்பாலோர் தொண்டர்கள். போரிட்ட நாடுகள் அனுப்பிய கைதிப் பட்டியல்கள் ஒரு புறம். குடும்பங்கள் எழுதிய விசாரணைக் கடிதங்கள் மறு புறம். இரண்டிலிருந்தும் தனித்தனி அட்டைகள் எழுதப்பட்டன. ஒரே பெயருக்குரிய இரு அட்டைகள் ஒன்றையொன்று சந்திக்கும்போது ஒரு குடும்பத்திற்கு விடை கிடைத்தது. போர் முடிவதற்குள் எழுதப்பட்ட அட்டைகள் ஏறத்தாழ 70 லட்சம்.

கைதிப் பட்டியல் என்பது அரசுகள் ஒன்றுக்கொன்று அளிக்கும் ஆவணமாகும்; பொதுமக்களுக்கு அத்தகைய பட்டியல் இல்லை. ஆயினும் ஃபெர்ரியேர் என்னும் மருத்துவர் அச்செயலகத்திற்குள் பொதுமக்களுக்கெனத் தனிப்பிரிவு ஒன்றை நடத்தினார். எழுத்தாளர் ரொமான் ரோலான் தொண்டராகப் பணியாற்றியதும் இப்பிரிவில்தான். சட்டத்தின் ஆதரவின்றி நடந்த பணி அது.

சட்டம் யாரைக் கண்டது?

1929ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை போர்க்கைதிகளைப் பற்றிய தகவல்களைத் திரட்டி வழங்குவதை நாடுகளின் கடமையாக்கியது. பொதுமக்களுக்கு அத்தகைய உடன்படிக்கை அன்று உருவாகவில்லை. இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. பகைநாட்டின் பிடியில் சிக்கும் பொதுமக்களைக் காப்பதற்கான வரைவு ஒன்று 1934இல் செஞ்சிலுவை மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அம்மாநாடு நடைபெற்ற நகரம் தோக்கியோ. அவ்வரைவைச் சட்டமாக்க 1940இல் கூடவிருந்த மாநாடு போரால் கூடவேயில்லை. பொதுமக்களுக்கான உடன்படிக்கை 1949இல்தான் பிறந்தது.

1929 உடன்படிக்கையில் ஜப்பான் கையெழுத்திட்டது. ஆனால் அதனை ஏற்புறுதி செய்யவில்லை. எனினும் தக்க மாற்றங்களோடு அதனைப் பின்பற்றுவதாக 1942இன் தொடக்கத்தில் அறிவித்தது. போர்க்கைதிகள் தகவல் பணியகம் ஒன்றையும் அது நிறுவியிருந்தது. உடன்படிக்கையின் ஏனைய விதிகள் எவ்வளவோ மீறப்பட்டன என்பது உலகறிந்த உண்மை. ஆயினும் ஒவ்வொரு கைதிக்கும் ஓர் அட்டை எழுதப்பட்டது. அதில் அவருடைய பெயர், படைப்பிரிவு, பிறந்த நாள், பெற்றோர் பெயர் முதலியன இடம்பெற்றன. அவ்வட்டைகள் போருக்குப் பின் நேசநாடுகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பிரிட்டிஷ் கைதிகளின் அட்டைகளை இன்றும் இலண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் காணலாம்.

ஒரே பாதை, இரு பதிவுகள்

தாய்லாந்தின் பான்போங்கையும் பர்மாவின் தன்பியூசாயாட்டையும் இணைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் 60,000க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே பாதையில் மலாயா, பர்மா, ஜாவா முதலிய இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர். மலாயாவிலிருந்து சென்றோரை 75,000 அளவில் மதிப்பிடுவர். அவர்களுள் பெரும்பாலோர் தோட்டப்புறத் தமிழர்.

கைதிகளின் மரணம் எவ்வாறு பதிவாயிற்று என்பதை முதலில் காண்போம். சிங்கப்பூர்ச் சாங்கியில் கைதிகளே பதிவு மற்றும் விசாரணைப் பணியகம் ஒன்றை அமைத்து, யார் எம்முகாமுக்கு அனுப்பப்பட்டார், யார் இறந்தார் என்பதைக் குறித்துவந்தனர். காட்டு முகாம்களில் அதிகாரிகள் இறந்தோரின் பெயர்களையும் கல்லறைகளின் இருப்பிடத்தையும் மறைவாக எழுதிவைத்தனர். காவலர் கண்ணில் படாமலிருக்கச் சில ஏடுகள் மண்ணிற்குள்ளும் புதைக்கப்பட்டன. போர் முடிந்த சில வாரங்களிலேயே, 1945 செப்டம்பரில், ஒரு கல்லறைத் தேடற்குழு பாதை நெடுகப் பயணம் செய்தது. அக்குழு 144 இடுகாடுகளில் 10,549 கல்லறைகளைக் கண்டறிந்தது. தேடிச் சென்றவற்றுள் காண முடியாதவை 52 மட்டுமே. இன்று காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசாயாட் ஆகிய மூன்று கல்லறைத் தோட்டங்களில் அவர்கள் துயில்கின்றனர். பெரும்பாலான கல்லறைகளில் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது.

இனித் தொழிலாளர் நிலையை நோக்குவோம். 1943இல் நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத வேலை என்னும் வாக்குறுதியோடு ஆள் சேர்ப்பு நடந்தது. சென்றவர் திரும்பாததைக் கண்டு மக்கள் பின்வாங்கியபோது தோட்டங்களுக்கு ஆள் கணக்கு விதிக்கப்பட்டது. பலர் வலிந்து பிடிக்கப்பட்டனர். ஆள்களை அனுப்பும் பொறுப்பு தோட்ட நிர்வாகத்தினர் மீதும் கிராணிமார் மீதும் விழுந்தது. குடும்பத்தோடு சென்றோரும் உண்டு. சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்ட அவர்கள் பான்போங்கில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தனர். ஏறியபோது அவர்கள் ஓர் எண்ணிக்கை. இறங்கியபோது அவ்வெண்ணிக்கையில் ஒரு பகுதி.

போர்க்கைதிகளுக்கு இருந்த மூன்று அரண்கள் இவர்களுக்கு இல்லை. முதலாவது, தம்மைப் பற்றிக் கேட்கும் உரிமையுள்ள அரசு. இரண்டாவது, தம் பெயர்களைக் காக்கும் படைக் கட்டமைப்பு. தோட்டத்தில் கங்காணி, கிராணி என்னும் அடுக்கு இருந்தது, காட்டு முகாமில் அதுவும் சிதைந்தது. மூன்றாவது, தம்முள் எழுதத் தெரிந்து, எழுதும் பொறுப்பும் ஏற்ற அதிகாரிகளும் மருத்துவர்களும். 1943இன் நடுப்பகுதியில் வாந்திபேதி பரவியபோது தொழிலாளர் முகாம்கள் சூறையாடப்பட்டன எனலாம். அதன் பின்னரே போர்க்கைதிகளிலிருந்து மருத்துவக் குழுவினர் இரு பிரிவுகளாகத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். நம் தொழிலாளரின் துன்பத்தைப் பற்றி அன்றே எழுதப்பட்ட சான்றுகளுள் இம்மருத்துவர்களின் குறிப்புகள் முதன்மையானவை. அவை நோயையும் எண்ணிக்கையையும் கூறுகின்றன. பெயரைக் கூறுவது அரிது.

இதன் விளைவை எண்களிலேயே காணலாம். மலாயாத் தொழிலாளருள் இறந்தோர் தொகையை ஜப்பானியத் தரப்புக் கணக்கு 30,000க்கு அருகில் வைக்கிறது; போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் தரப்பு மதிப்பீடுகளோ 40,000ஐத் தாண்டுகின்றன. இரண்டிற்கும் இடையே பத்தாயிரம் உயிர்கள். கைதிகளின் கல்லறைத் தேடலில் விடுபட்டவை 52. தொழிலாளர் கணக்கில் ஐயத்திற்குரியவை பத்தாயிரம். இவ்வேறுபாட்டைக் காட்டின் கடுமையால் விளக்க இயலாது. காடு இருசாராருக்கும் ஒன்றே. பதிவுதான் வேறு.

கண்டெடுக்கப்பட்டும் கண்டறியப்படாதோர்

1990 நவம்பரில் காஞ்சனபுரி நகருக்கு அருகே ஒரு கரும்புத் தோட்டத்தில் பெரும் புதைகுழி ஒன்று வெளிப்பட்டது. நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் அங்கிருந்து எடுக்கப்பட்டன. அவை ஆசியத் தொழிலாளருடையவை எனக் கருதப்படுகின்றன. உடல் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. ஒப்பிடுவதற்கு ஒரு பட்டியல் இல்லாதபோது தடயம் கிடைத்தும் தேடல் முற்றுப்பெறாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நினைவுச் சின்னங்களிலும் இந்நிலை புலப்படுகிறது. ஜப்பானியப் படையினர் 1944இல் காஞ்சனபுரியில் எழுப்பிய நினைவுத் தூணில் தமிழும் உள்ளிட்ட பல மொழிகளில் வாசகம் உண்டு. மொழியால் அவர்கள் நினைக்கப்பட்டனர், ஆள்பெயரால் நினைக்கப்படவில்லை. 2023ஆம் ஆண்டில் அந்நகரில் இறந்த தமிழருக்காக ஒரு நடுகல் நிறுவப்பட்டது. இறந்தவரின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதுவது தமிழர் நடுகல் மரபு. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே கல் நாட்ட நேர்ந்ததே அப்பதிவின்மையின் அளவைக் காட்டுகிறது.

போருக்குப் பின் உயிரோடு எஞ்சியவர்கள் 1945–46இல் மலாயாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சிலர் சயாமிலேயே தங்கிவிட்டனர். திரும்பியவர் தம் தோட்டத்திற்கு வந்தபோது லயத்தில் வேறு குடும்பம் இருந்த நிலையும், மனைவி மக்கள் வேறெங்கோ சென்றுவிட்ட நிலையும் வாய்மொழி வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. இவர்கள் இருமுறை பெயர்ந்தவர்கள் என்பது கருதத்தக்கது. தமிழகச் சிற்றூரிலிருந்து மலாயாத் தோட்டத்திற்குப் புலம்பெயர்ந்தது முதல் பெயர்ச்சி. தோட்டத்திலிருந்து சயாமுக்கு இடம்பெயர்க்கப்பட்டது இரண்டாவது. ஆகவே ஒருவர் மறைந்தபோது அவரைத் தேடிய குடும்பம் ஈரிடங்களில் இருந்தது. கடலுக்கு அப்பாலிருந்த தாய்க்கு மகன் சயாமுக்குச் சென்ற செய்தியே எட்டாமற்போனதும் உண்டு.

மக்கள்தொகைக் கணக்கும் இம்மறைவின் நிழலைக் காட்டுகிறது. 1931இல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 6,20,000க்கும் மேற்பட்டிருந்த இந்தியர் தொகை, 1947இல் ஏறத்தாழ 6,00,000ஆகக் குறைந்திருந்தது. பொருளாதார மந்தக் காலத்தில் தாயகம் திரும்பியோரும் 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்ததும் இக்குறைவிற்கு ஓரளவு காரணம். போர்க்கால இறப்பு எவ்வளவு என்பதை அவ்வெண்ணிலிருந்து பிரித்தெடுப்பது எளிதன்று.

பெயர் என்னும் சிக்கல்

பதிவு இருந்திருப்பினும் தேடல் எளிதாகியிருக்குமா என்னும் வினா எழலாம். ஐரோப்பியத் தேடல் அமைப்புகளே பெயர்ச் சிக்கலால் இடருற்றன. நாஜிக் கொடுமைக்கு ஆளானோரைத் தேடுவதற்காக ஜெர்மனியின் ஆரோல்சன் நகரில் வளர்ந்த அனைத்துலகத் தேடல் பணியகத்தில் 3 கோடி ஆவணங்கள் உள்ளன. ஒரே பெயர் பல மொழிகளில் பலவாறு எழுதப்பட்டமையால், எழுத்துக்கூட்டலைக் கொண்டு அடுக்காமல் ஒலிப்பைக் கொண்டு அட்டைகளை அடுக்கும் முறையை அப்பணியகம் கையாண்டது.

தமிழ்ப் பெயருக்கு இச்சிக்கல் இன்னும் கூடுதலாகும். குடும்பப் பெயர் இல்லை; தந்தை பெயரே அடையாளம். முனியாண்டி, ராமசாமி, மாரியாயி போன்ற பெயர்கள் ஒரே தோட்டத்தில் பலருக்கு இருக்கும். அவர்களைப் பிரித்தறியத் தோட்ட மக்கள் பட்டப்பெயரையும் ஊர்ப்பெயரையும் தொழிலையும் சேர்த்து வழங்கினர். கிராணியின் ஏட்டில் இவை ஏறுவதில்லை. ரோமன் எழுத்தில் அவர் கேட்டவாறு எழுதிய பெயரே ஏறும். பெரட்டில் கூப்பிடப்பட்ட பெயருக்கும் வீட்டில் வழங்கிய பெயருக்கும் இடைவெளி இருந்தது. ஆகவே நம்மவரைத் தேடுவதற்குப் பெயரோடு தந்தை பெயர், தோட்டம், கங்காணி, தமிழகத்து ஊர் ஆகியனவும் தேவைப்படுகின்றன. இவை ஐந்தும் சேர்ந்தாலே ஓர் ஆளை அடையாளங்காண முடியும்.

ஆழிப்பேரலை கற்பித்த பாடம்

இவ்வேற்றுமை போர்க்காலத்தோடு ஒழிந்ததன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாய்லாந்தின் அந்தமான் கரையைத் தாக்கியபோது ஏறத்தாழ 5,400 பேர் இறந்தனர். அவர்களுள் பல நாட்டுச் சுற்றுலாப் பயணிகளும் அடங்குவர். புக்கெட்டில் பன்னாட்டு வல்லுநர் கூடி அடையாளங்காணும் பணியை மேற்கொண்டனர். தொடக்கக் கட்டத்தில் பெரும்பாலான அடையாளங்கள் பற்பதிவுகளாலேயே உறுதிப்பட்டன. பல் மருத்துவரிடம் ஏடு உள்ள நாட்டிலிருந்து வந்தவர் விரைந்து கண்டறியப்பட்டார்.

அதே கரையில் மீன்பிடியிலும் கட்டுமானத்திலும் உழைத்த மியன்மார்த் தொழிலாளரும் மடிந்தனர். அவர்களுள் பலருக்கு உரிய குடியேற்ற ஆவணங்கள் இல்லை. பற்பதிவு என்பது நினைக்கவே இயலாதது. உறவினரும் கைது செய்யப்படுவோமோ என அஞ்சி உடலைக் கோர முன்வரத் தயங்கினர். சயாம் பாதை சென்ற அதே நாட்டில், அறுபதாண்டுகளுக்குப் பின்னர், பதிவுள்ளவர் வீடு திரும்பப் பதிவற்றவர் மண்ணுள் மறைந்தார். சட்டம் இதற்கிடையில் வளர்ந்துவிட்டது. உறவினரின் கதியை அறியும் உரிமையை 1977ஆம் ஆண்டின் கூடுதல் நெறிமுறையும், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் குறித்து 1998இல் வகுக்கப்பட்ட ஐக்கிய நாடுகளின் வழிகாட்டு நெறிகளும் கூறுகின்றன. உரிமை இருந்தும் அதனைச் செயற்படுத்தும் ஏடு இல்லையெனில் அது தாளளவில் நின்றுவிடுகிறது.

பதிவின் மறுபக்கம்

பதிவு எப்போதும் நன்மையே பயக்கும் என்பதும் பொருந்தாது. ஆரோல்சனில் உள்ள ஆவணங்களுள் கணிசமானவை கொடுமை செய்தோரே எழுதிய வதைமுகாம் ஏடுகள். அழிப்பதற்காக எழுதப்பட்ட ஏடே பின்னர் தேடுவதற்குப் பயன்பட்டது. நம் காலத்தில் 2022 ஜனவரியில் அனைத்துலகச் செஞ்சிலுவைக் குழுவின் கணினித் தரவுகள் ஊடுருவப்பட்டு, பிரிந்த குடும்பத்தினர் உள்ளிட்ட 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் வெளியார் கைக்கு எட்டின. அடைக்கலம் தேடியவரின் இருப்பிடம் அவரைத் துரத்துவோருக்குத் தெரிவது உயிருக்கே ஊறாகலாம். ஆகவே யார் எழுதுகிறார், யார் காக்கிறார், யார் பார்க்கலாம் என்னும் வினாக்கள் பதிவோடு உடன்பிறந்தவை.

நாம் செய்யத்தக்கது

அரசு எழுதாததை நம் சமூகம் வேறு வழிகளில் ஓரளவு காத்துள்ளது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் அவ்வரலாற்றைப் புனைவில் நிலைநிறுத்தின. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பிரிவு ஜப்பானியர் காலத்து நினைவுகளை ஒலிப்பதிவாகத் திரட்டியது. நாவல் அனுபவத்தைத் தரும். ஒலிப்பதிவு சாட்சியைத் தரும். பட்டியல் மட்டும் இன்னும் எழுதப்படாமலே உள்ளது.

அப்பட்டியலைத் தொகுக்க இன்றும் வழியுண்டு என்பது நம் துணிபு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுக் குழந்தைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் பள்ளி நடத்துவதைக் கடமையாக்கியது. அப்பள்ளிகளின் சேர்க்கை ஏடுகளில் மாணவர் பெயரோடு தந்தை பெயரும் தோட்டமும் இடம்பெறும். போருக்கு முந்திய ஏடுகள் எஞ்சியிருப்பின் அவை காணாமற்போன தந்தையருக்கான சான்றாகும். தோட்டச் சம்பள ஏடுகள், கோவில் நன்கொடைப் பட்டியல்கள், தமிழகத்திலிருந்து வந்த கடிதங்கள், பழைய பயண ஆவணங்கள் ஆகியனவும் அவ்வாறே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் பள்ளிகள் இடம் மாறியும் வரும் சூழலில் இவ்வேடுகள் கழிவுத்தாளாகப் போவதைத் தடுப்பது உடனடித் தேவை.

இதில் தமிழாசிரியரின் பங்கு பெரிது. மாணவர் தம் குடும்ப மரபை எழுதும் பயிற்சி பல பள்ளிகளில் நடைபெறுவதுதான். அதில் ‘சயாமுக்குச் சென்றவர் எவரேனும் உண்டா?’ என்னும் ஒரு வினாவைச் சேர்க்கலாம். பெயர், தந்தை பெயர், தோட்டம், தமிழகத்து ஊர், சென்ற ஆண்டு, திரும்பினாரா என்னும் ஆறு குறிப்புகள் போதும். பல்கலைக்கழகத் துறைகள் அவற்றைத் தொகுத்து ஒப்பிடும் பணியை ஏற்க வேண்டும். நேரில் கண்ட தலைமுறை ஏறத்தாழ மறைந்துவிட்டது. அவர்களிடம் கேட்ட பிள்ளைகளும் இன்று முதுமையடைந்துள்ளனர்.

முடிவுரை

இடம்பெயர்ந்தோரைத் தேடும் வரலாறு, 1870இன் பட்டியல் முதல் இன்றைய கணினித் தரவு வரை, பெயர்களைப் பொருத்திப் பார்க்கும் வரலாறாகவே நடந்துவந்துள்ளது. சயாம் பாதையில் கைதிக்கு ஏடு இருந்தது; அதனால் அவர் இறந்தும் கண்டறியப்பட்டார். தொழிலாளிக்கு ஏடு இல்லை. அதனால் அவர் ஒரு தோராய எண்ணாக எஞ்சினார். அன்றைய சட்டமும் அதிகாரமும் செய்த இவ்வேறுபாட்டை நாம் முற்றாக நீக்க இயலாது. ஆயினும் ஒரு பெயரேனும் மீட்கப்படுமாயின், அத்தோராய எண்ணிலிருந்து ஒரு மனிதர் வெளிவருகிறார். 1914இல் ஜெனீவாவில் குடும்பத்தார் கடிதத்திற்கும் ஓர் அட்டை எழுதப்பட்டது போலவே, நம் வீடுகளில் இன்னும் வழங்கிவரும் பெயர்களுக்கும் ஓர் அட்டை எழுதப்பட வேண்டும். அதனைத் தொடங்கும் பொறுப்பு தமிழ் கற்பிக்கும் நம்முடையதே.